ஒரே கட்டளை, ஆயிரம் கணிப்பொறிகள்

அலுவலகம் ஒன்றில் ஆயிரம் கணிப்பொறிகள் உள்ளனவென்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் மென்பொருளைக் கையால் நிறுவப் புகுந்தால் வாரக்கணக்கில் நாள் கழியும். ஆகவே, நடுவிலுள்ள சர்வர் ஒருமுறை கட்டளையிட, பிற கணிப்பொறிகள் காலையில் இயங்கத் தொடங்கும்போதே அதனைத் தாமே நிறுவிக்கொள்கின்றன. வசதிதான், ஆயினும் பிழையும் அதே வேகத்தில் பரவுமன்றோ?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதுற்ற கோப்பொன்றினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால், வீழ்ந்து கிடக்கும் கணிப்பொறி புதிய கட்டளையை எங்ஙனம் கேட்கும்? பல இடங்களில் ஆட்கள் நேரில் சென்று ஒவ்வொன்றாகச் சீர்செய்ய நேர்ந்தது.

இதனாலேயே, முதலில் பத்துக் கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கிறோம். அவற்றுள் நம்முடையதும் ஒன்றாக இருத்தல் நியாயம். அந்நிறுவனமும் பின்னர் இவ்வாறே படிப்படியாக அனுப்பும் முறையை மேற்கொண்டது.