வெளியூர் வெயிலில் தஞ்சாவூர் வீணை

தமிழகத்தை விட்டு வெளியே வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கும். பாட்டி வாசித்ததாக இருக்கலாம். பெண் கற்றுக்கொள்ளட்டும் என்று புதிதாக வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். வந்த சில வருஷங்களில் ஸ்வரங்கள் சேராமல் போகின்றன. "குழந்தைக்கு ஸ்வரஞானம் போதாது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் குறை குழந்தையின் காதில் இல்லை, வீணையின் மெழுகில்தான் இருக்கிறது.

இன்றைய வீணையின் 24 மெட்டு அமைப்பு, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகச் சொல்வார்கள். குடமும் தண்டியும் பலா மரத்தால் ஆனவை. முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. வாசிக்க 4 தந்திகள், தாளத்துக்கு 3. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மெழுகின் குணம்

கிட்டாரில் மெட்டுகளை மரத்திலேயே பதித்து இறுக்கிவிடுவார்கள். சித்தாரில் அவை நூலால் கட்டப்பட்டிருக்கும், வாசிப்பவரே நகர்த்திக்கொள்ளலாம். வீணை இரண்டிலும் சேராது. தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்த கறுப்புக் கலவையில் மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் காது கொண்டு ஒவ்வொன்றாக இடம் பார்த்துப் பதிப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர்.

தேன்மெழுகு உருகுவது 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே. ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். டெல்லியிலும் நாக்பூரிலும் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. இளகிய மெழுகின் மேல் கமகத்துக்காகத் தந்தியை அழுத்தி இழுத்தால் மெட்டு கொஞ்சங் கொஞ்சமாக நகரும். மேல் ஸ்தாயியில்தான் இது அதிகம் உறுத்தும். காரணம், கடைசி மெட்டுக்கு முன் உள்ள இடைவெளி, முதல் மெட்டுக்கு முன் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ கால் பங்குதான். அங்கே ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காதில் குத்தும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

முதலில் சாரணித் தந்தி பழசாகி, துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு அதை வெறுமனே மீட்டுங்கள்; அடுத்து 12ஆவது மெட்டில் வைத்து மீட்டுங்கள். அதே ஸட்ஜம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கைபேசியில் ஸ்ருதி பார்க்கும் ஆப் போதும். எல்லா மெட்டுகளும் வரிசையாக ஒரே பக்கமாகப் பிசகினால் குதிரை நகர்ந்திருக்கலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிசகினால் மேளம் கட்டும் நேரம் வந்துவிட்டது. "ஜர்" என்று ஒரே இடத்தில் அதிர்ந்தால், தந்தி உரசி அந்த மெட்டில் பள்ளம் விழுந்திருக்கும்.

குதிரையைத் தந்திகளின் இழுவைதான் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏழையும் ஒரே சமயத்தில் கழற்ற வேண்டாம்.

பருவத்துக்கு ஏற்ற கவனிப்பு

கோடையில் ஜன்னலோரமும் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணும் வீணைக்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மணி நேரம்கூட வைக்கக்கூடாது.

வடக்கத்திக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டுபோகும். மரம் சுருங்கிப் பிரடைகள் வழுக்கும்; ஒட்டு வீணையில் இணைப்பு விரியவும் கூடும். ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். வழுக்கும் பிரடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ் தூள் போதும். மும்பை, கொல்கத்தா மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: பிரடை ஊதி இறுகும், எஃகுத் தந்தி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பருத்தித் துணி உறைதான் நல்லது. விரலில் தடவிய தேங்காய் எண்ணெயை, வாசித்து முடித்ததும் தந்தியிலும் மெட்டிலும் இல்லாமல் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

யாரிடம் போவது?

நம் ஊர்களில் சித்தாரைச் சரிசெய்யும் கடைகள் உண்டு. ஆனால் மெழுகில் மேளம் கட்டுவது வேறு கை. அதை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தானே மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டுவது அதைவிட மோசம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீணையையும் எடுத்துப்போய்த் தஞ்சாவூர்க் கைவினைஞரிடம் காட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. ஒரு வீணைக்காக யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். பத்து வீணை சேர்ந்தால் வருவார்கள். நம்மைப் போன்ற சங்கங்கள், கோடை முடிந்தபின் வருஷத்துக்கு ஒருமுறை அப்படி ஒருவரை வரவழைத்தால் பல வீடுகளின் வீணைகள் ஒரே வாரத்தில் சீராகிவிடும். மெட்டு நகர்வது மெழுகின் பலவீனம்தான். ஆனால் அதே மெழுகினால்தான் ஐம்பது வருஷத்து வீணையையும் மறுபடி சுத்தமாகப் பேசவைக்க முடிகிறது.

அதுவரை, "உனக்கு வராது" என்று குழந்தையிடம் சொல்லுமுன் அந்த 12ஆவது மெட்டை ஒருமுறை மீட்டிப் பாருங்கள்.