உயர்மலையிற் குழந்தைகள்

குன்று, குறும்பொறை, வெற்பு, பொருப்பு, வரை, சிலம்பு, ஓங்கல் என மலையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. நிகண்டுகளைப் புரட்டினால் இவ்வரிசை இன்னும் நீளும். ஆயினும், உயரத்தில் ஏறிய காரணத்தால் மனிதனைப் பற்றும் நோய் ஒன்று உண்டு; அதற்கு மக்கள் நாவிற் பழகிய பழஞ்சொல் ஒன்றும் இல்லை. இதனை மொழியின் குறைபாடு என்று கொள்ளற்க. நோய் உள்ள இடத்தில்தான் அதற்குப் பெயரும் பிறக்கும். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் தகான் மலையோ 2,187 மீட்டரே. இந்நோய் ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டத் தொடங்கும். அதுவும் அவ்வுயரத்தில் இரவு தங்குவோரையே பெரும்பாலும் பற்றும். ஆகவே தமிழர் மலைகளைப் பாடினர், மலைநோயை அறிந்திலர்.

அறிந்தவர் பெயரிட்டனர். தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலை மக்கள் அதனைச் ‘சொரோச்சே’ என்பர். நேப்பாள நாட்டார் ‘லேக்’ பிடித்தது என்பர். பெரு நாட்டு மலைக் கணவாய் ஒன்றைக் கடந்தபோது தமக்கு உண்டான குமட்டலையும் வாந்தியையும் ஒசே தெ அக்கோசுத்தா என்னும் இசுப்பானியப் பாதிரியார் 1590இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதி வைத்தார். அங்குள்ள காற்று மனித மூச்சுக்கு ஒவ்வாத அளவு மெலிந்தது என்றும் கருதினார். அக்கருத்து உண்மையே என்பதைப் போல் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் ஆய்வு வாயிலாக மெய்ப்பித்தார்.

காற்று மெலிந்தது என்றால் என்ன? காற்றிலே பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு என்பது கடற்கரையிலும் மலையுச்சியிலும் மாறுவதில்லை. மாறுவது காற்றின் அழுத்தம். மேலே செல்லச் செல்லத் தலைக்கு மேலுள்ள காற்றுச் சுமை குறைவதால் அழுத்தமும் குறைகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்து அழுத்தத்திற் பாதியாகிவிடும். அங்கு ஒரு முறை மூச்சை இழுத்தால் கீழே கிடைப்பதில் பாதிப் பிராணவாயுவே நுரையீரலுக்குக் கிடைக்கும். இக்குறையை ஈடுசெய்ய உடல் முதலில் மூச்சை விரைவாக்குகிறது; பிறகு சிறுநீரகங்கள் குருதியின் கார அளவைத் திருத்துகின்றன; செந்நிற அணுக்கள் பெருகுவதற்கோ வாரக் கணக்காகும். இவ்வாறு உடல் பழகுதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைத் தராமல் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல் ஆகியவை தோன்றும். இவற்றையும் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும். அந்நிலை உயிருக்கு இறுதியாகலாம்.

விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உயர்மலைகளுக்கு நடைப்பயணம் செல்லும் வழக்கம் பரவி வருகின்ற இந்நாளில், குழந்தையின் உடல் இதனைத் தாங்குமா என்னும் வினா எழுவது இயல்பு. குழந்தைகள் பெரியவர்களைவிட எளிதில் மலைநோய்க்கு ஆளாவர் என்று பலர் எண்ணுகின்றனர். ஆராய்ச்சிகள் அவ்வாறு காட்டவில்லை. ஏறத்தாழ ஒரே அளவிலேதான் இருவரையும் அது பற்றுகிறது. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பெரியவர் தமக்குத் தலை வலிக்கிறது என்று சொல்வார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை அழும். பால் குடிக்க மறுக்கும். விளையாடாமல் முடங்கிக் கிடக்கும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குப் பேசத் தெரியுமேயன்றித் தன் உடலினுள் நிகழ்வதைப் பகுத்துச் சொல்லத் தெரியாது. தலைவலியை வயிற்று வலி என்று சொல்லும். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லும். ஒன்றும் சொல்லாமல் காலை உதைத்துக்கொண்டு அமர்ந்துவிடும். தொடக்க வகுப்புகளிற் பாடஞ் சொல்லும் ஆசிரியர் யாவரும் இதனை நன்கு அறிவர். அடம் என்று பெற்றோர் கடிந்துகொள்ளும் அதுவே நோயின் முதற்குறியாக இருத்தல் கூடும்.

2001ஆம் ஆண்டில் அனைத்துலக மலை மருத்துவக் கழகத்தின் சார்பில் அறிஞர் குழுவொன்று இப்பொருள் பற்றி ஓர் ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. உயர்ந்த இடத்தில் குழந்தைக்குக் காணும் எந்த நோய்க்குறியையும், வேறு காரணம் தெளிவாகும்வரை, மலைநோய் என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2,500 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 300 மீட்டருக்கு மேற்பட உயரலாகாது. 1,000 மீட்டர் ஏறியதும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைவிட எவ்வளவு மெல்ல ஏற வேண்டும் என்பதே இங்கு முதன்மை பெறுவதை நோக்குக.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு சபாவின் கினாபாலு மலையை அளந்து பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். பழைய பாடநூல்களில் 13,455 அடி, அதாவது 4,101 மீட்டர், என்றிருந்த இதன் உயரம், பிற்கால அளவையால் 4,095 மீட்டர் எனத் திருத்தப்பட்டது. 1851இல் ஹியூ லோ என்பவர் இதன் மேற்பாறைத் தளத்தை அடைந்தார். அவர் பெயர் தாங்கிய உச்சியை 1888இல் ஜான் வைட்ஹெட் என்பவரே எட்டினார். அவர்களுக்கு வழிகாட்டியோர் அம்மலையை இறந்தோர் உறையும் இடமாகப் போற்றும் உள்நாட்டு மக்களே; ஆயினும் வரலாற்று நூல்கள் அவர்களைச் சுமைகூலிகளாக மட்டுமே காட்டிச் செல்கின்றன.

இக்காலத்தில் ஏறுவோர் திம்போகோன் வாயிலில், 1,866 மீட்டரில், காலையில் நடக்கத் தொடங்குவர். ஆறு கிலோமீட்டர் படியேறிப் பிற்பகலில் லாபான் ராத்தா விடுதியை அடைவர். அதன் உயரம் 3,272 மீட்டர். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கும் கயிறும் துணையாக மேலும் 823 மீட்டர் ஏறிச் சூரியோதயத்தைக் காண்பர். அன்று மாலைக்குள் அடிவாரத்துக்கே இறங்கிவிடுவர். முதல் நாட் காலையிற் கோத்தா கினாபாலுக் கடற்கரையில் நின்ற குழந்தை அடுத்த நாள் விடியலில் நான்காயிரம் மீட்டரில் நிற்கக்கூடும். மேற்சொன்ன அளவுகோலின்படி 2,500 மீட்டரிலிருந்து லாபான் ராத்தா உயரத்துக்குப் படுக்கையை மாற்றவே மூன்று இரவுகள் வேண்டும். மேலும், மலைநோய் ஏறிய உடனே தோன்றாது; பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தோன்றும். பிற்பகலில் விடுதியை அடைந்து குதித்து விளையாடிய பிள்ளைக்கு, சரியாக உச்சிக்குப் புறப்படும் இருட்டு வேளையில் தலைவலி தொடங்குவது இதனாலேதான். தூக்கக் கலக்கம் என்று பெற்றோர் அதனைத் தள்ளிவிடுவதும் அவ்வேளையிலேதான்.

மேலே ஓர் இரவுக்குக் குறைவாகவே தங்கி விரைந்து இறங்கிவிடுவதால் பெரும்பாலோர்க்கு நோய் முற்றுவதில்லை. ஆனால் இப்பயணத்திட்டம் குழந்தையின் உடலை எண்ணி வகுக்கப்பட்டதன்று. ஏறத்தாழ 1,500 மீட்டரிலுள்ள பூங்காத் தலைமையகத்தில் முன்னதாக இரண்டு இரவுகள் தங்கினால் சிறிது பயன் உண்டு. பெரும்பயன் என்று சொல்லுதற்கில்லை. சிறுவரோடு செல்வோர் லாபான் ராத்தாவையே எல்லையாகக் கொண்டு, மேகம் காலுக்குக் கீழே மிதப்பதைக் கண்டு திரும்பினாலும் போதும். குடுவைச் செடிகளும், காட்டு மரங்கள் படிப்படியாகக் குட்டையாகி வளைந்து போவதும் அவ்வழியிலேயே உள்ளன. உச்சியிற் கருங்கற் பாறையன்றி வேறில்லை.

கினாபாலுவைப் பற்றி எழுதுங்கால் 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாளை விட்டுவிட இயலாது. அன்று காலை 6.0 அளவுள்ள நிலநடுக்கத்தால் பாறைகள் உருண்டு 18 உயிர்கள் மாண்டன. சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளி ஒன்றின் மாணவரும் ஆசிரியரும், மலைவழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். சிங்கப்பூர் மூன்றாம் நாள் நாடு முழுதும் துக்கம் காத்தது. அத்துயரத்தை மலைநோயோடு சேர்த்துப் பேசுதல் முறையன்று. நிலநடுக்கத்தை யாரும் முன்னறிந்திருக்க இயலாது. மலைநோயோ முன்னறிவித்துக்கொண்டே வருவது. முன்னறிய முடியாத ஒன்றுக்கு அஞ்சி மலையையே வெறுப்பதும், அறியக்கூடிய ஒன்றைக் கவனியாமல் விடுவதும் ஆகிய இரண்டும் பெற்றோரிடம் காணப்படுகின்றன.

இனி இமயத்தை நோக்குவோம். எவரெசுட்டு அடிவார முகாம் 5,364 மீட்டர். கினாபாலு உச்சியைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆகவே குழந்தைகளுக்கு அது இன்னும் கொடியது என்று தோன்றும். ஆனால் அவ்வழியின் கீழ்ப்பாதி கினாபாலுவைவிடச் சாந்தமானது. காத்மாண்டுவிலிருந்து சிறு விமானம் 2,860 மீட்டர் உயரமுள்ள லுக்லாவில் இறக்கும். அன்றே வழி கீழ்நோக்கிச் செல்கிறது. முதல் இரவு 2,610 மீட்டரிலுள்ள பாக்டிங்கில். மறுநாள் 2,835 மீட்டரில் மொஞ்சோ. அதன்பின் நாம்சே பசார், 3,440 மீட்டர். இவ்வொரு நாளேற்றம் 600 மீட்டர் ஆதலின் விதியை மீறுகிறது. எனவே நாம்சேயில் இரண்டு, மூன்று இரவுகள் தங்குவர். பகலில் 3,790 மீட்டரிலுள்ள கும்ஜுங் சிற்றூர்வரை ஏறிவிட்டு இரவு நாம்சேக்கே திரும்புவர். பகலில் உயரே நடந்து இரவில் தாழ்வாகப் படுப்பது மலைமக்கள் கண்ட நல்வழக்கம். நாம்சேக்கு மேலுள்ள முகட்டிலிருந்தே எவரெசுட்டு தெரியும். தெங்போச்சே மடம், 3,867 மீட்டர், அமா டப்லாம் சிகரத்தை எதிரே கொண்டது. குடும்பத்தோடு செல்வார்க்கு அதுவே தக்க முடிவிடம். 4,410 மீட்டர் டிங்போச்சேயும், 4,940 மீட்டர் லோபுச்சேயும் வேறு கதை. அங்கே இரவுக் குளிர் கடுமை. நோயுற்ற பிள்ளையை இறக்குவதற்கு ஹெலிகாப்டரையும் வானிலையையும் நம்பியிருக்க வேண்டும். பெரிச்சேயில் இமய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் பருவகாலங்களில் அரும்பணி ஆற்றி வருகிறது.

கும்ஜுங்கில் 1961இல் எட்மண்டு ஹில்லரி கட்டுவித்த பள்ளி உண்டு. செர்ப்பாச் சிறுவர் மலைச்சரிவில் ஓடி அங்கே வந்து படிப்பதைக் காணும் பெற்றோர், ‘இவர்கள் ஓடும்போது நம் பிள்ளைக்கு என்ன?’ என்பர். இவ்வொப்புமை பொருந்தாது. செர்ப்பா மக்களின் முன்னோர் திபெத்திய மேட்டு நிலத்தில் எண்ணற்ற தலைமுறைகள் வாழ்ந்தவர். அவர்தம் மரபணுவே மெலிந்த காற்றுக்கு இசைந்திருப்பதை 2010 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கோலக்கிள்ளானிலும் தோபாயோவிலும் பிறந்த பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. 2014இல் தெலுங்கானாவைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா பதின்மூன்றாம் வயதில் திபெத்தின் வழியாக எவரெசுட்டு ஏறினாள் என்பதும் உண்மையே. அது நீண்ட பயிற்சியின் பயன். விடுமுறை நடைக்கு அதனைச் சான்றாகக் காட்டலாகாது. நேப்பாளம் பதினாறு வயதுக்குக் குறைந்தோர்க்கு எவரெசுட்டு ஏற இசைவு தருவதுமில்லை.

சளியும் இருமலும் உள்ள பிள்ளையை உயரத்துக்குக் கொண்டுசெல்லுதல் தவறு. நுரையீரலில் நீர் கோப்பதற்கு அது வழி செய்யும். பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைக்கு மருத்துவர் இசைவு இன்றியமையாதது. மலைநோய்க்கு மாத்திரை உண்டு; அதனைப் பிள்ளைக்குத் தருவதும் அளவும் மருத்துவர் பொறுப்பு. குளிரைப் பொறுத்தவரை, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று கணக்கிடலாம். கடற்கரையில் 30 டிகிரி என்றால் லாபான் ராத்தாவில் ஒன்பது. உச்சியில் மூன்று, நான்கு. காற்றடித்தால் இன்னும் குளிரும். தந்தை முதுகிற் சுமந்து செல்லும் குழந்தை தனி எச்சரிக்கைக்குரியது. ஏறுபவர்க்கு வியர்க்கும், சுமக்கப்படும் குழந்தையோ அசைவின்றி விறைக்கும். தாம் வியர்ப்பதைக் கொண்டு குழந்தைக்கும் குளிரில்லை என்று எண்ணுவோர் பலர்.

உணவும் ஒரு செய்தி. நாம்சேயில் நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு எளிதில் வேகாது. அங்கே எங்கும் கிடைக்கும் ‘தால் பாத்’ சோறும் பருப்புமே ஆதலின் நம் பிள்ளைகளுக்கு அது புதிதன்று. அதனையும் விருப்பமான பிள்ளை தொடாமல் ஒதுக்கினால், அதனைச் சுவை பற்றிய குறையாகக் கருதாமல் உடல்நிலையைப் பார்க்க வேண்டும்.

மூளை பாதிக்கப்படுவதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அக்கோட்டின் மேல் நடக்கச் சொல்வர். தள்ளாடினால் நிலைமை கடுமை. அந்த நொடியே இறங்க வேண்டும். ஆனால் சிறு பிள்ளைகள் சிலர் கீழே இருக்கும்போதே அவ்வாறு நடக்கத் தடுமாறுவர். பயணத்துக்கு முன்பே பள்ளித் திடலில் பாண்டிக் கோட்டின் மேல் நடக்கச் செய்து பார்த்து வைத்தால், மலையில் ஒப்பிட்டுக் காண இயலும்.

மருந்துகளுள் தலையானது இறங்குதலே. முந்நூறு மீட்டர் முதல் ஆயிரம் மீட்டர்வரை இறங்கினால் பெரும்பாலும் குணம் தெரியும். நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இதற்காகவே குடும்பத்தில் நடக்கவல்ல பெரியவர் இருவரேனும் வேண்டும்: ஒருவர் நோயுற்ற பிள்ளையோடு இறங்க, மற்றவர் எஞ்சிய பிள்ளைகளோடு இருக்க. கினாபாலுவில் வழிகாட்டி இன்றி ஏற இசைவில்லை. குழுவுக்கு வழிகாட்டி ஒருவரே என்றால், பாதி வழியில் ஒரு பிள்ளையை இறக்க நேரும்போது அவர் யாரோடு செல்வார் என்பதை திம்போகோன் வாயிலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.