காபன் சைக்கிளைக் காரில் ஏற்றும்போது

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது, எங்களிடம் இருந்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள்தான். கரியரில் அரிசி மூட்டை, முன் பாரில் தங்கச்சி, ஹாண்டிலில் வாளியும் கேத்திலும். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அது இரண்டு தரம் விழுந்தது. வளைந்த போர்க்கை அப்பா பிறகு நிமிர்த்தி எடுத்தார். அதே சைக்கிள் இன்னும் பல வருடம் ஓடியது.

சைக்கிள் என்றால் எப்படிக் கட்டினாலும் தாங்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என் மனதில் பதிந்துவிட்டது. அந்த எண்ணத்தால் கடந்த வருடம் ஒரு பிழை விட்டேன்.

அக்காவின் மகள் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் பங்குபற்றுகிறாள். கனடாவில் இருக்கும் சித்தப்பா, தான் ஓடிய காபன் சைக்கிளை அவளுக்கு அனுப்பியிருந்தார். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போட்டிக்குப் புறப்பட்டபோது, பின் சீற்றை மடித்து அதைப் படுக்க வைத்து, அசையாதபடி பாருக்கு மேலால் கயிறு போட்டு இறுக்கினேன். பாருக்கு அடியில் கார் ஜக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. போய் இறக்கியபோது பாரில் மயிரிழை போல ஒரு கீறு. சைக்கிள் திருத்தும் ஒருவர் விரலால் அமத்திப் பார்த்தார். அந்த இடம் உள்ளே போனது. "இதில ஏற விடாதேங்கோ" என்றார். அன்று அவள் போட்டியில் ஓடவில்லை. வரும் வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை.

காபன் பிறேம் எதனால் ஆனது என்று அதன் பிறகுதான் படித்தேன். மெல்லிய காபன் இழைகளை எபொக்சிப் பிசினோடு சேர்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் சூடாக்கி இறுக வைக்கிறார்கள். ஓடும்போது வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். ஆனால் பாரின் நடுப்பகுதிச் சுவர் சில சைக்கிள்களில் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். பக்கவாட்டில் ஒரே இடத்தில் விழும் அழுத்தத்துக்காக அது செய்யப்படவில்லை. இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். காபனில் உள் அடுக்குகள் பிரிந்தாலும் வெளியே பெயின்ற் அப்படியே இருக்கலாம். பிறகு ஒருநாள் வேகமாக ஓடும்போது திடீரென முறியலாம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இப்போது நான் ஏற்றும் முறை இது.

முதலில் பின் கியரை ஆகச் சிறிய பல்லுக்கு மாற்றிவிட்டு இரண்டு சில்லுகளையும் கழற்றுவேன். டிஸ்க் பிறேக் என்றால் கட்டைகளுக்கு இடையில் சுத்தமான மட்டைத்துண்டு ஒன்றைச் செருக வேண்டும். சில்லு இல்லாதபோது பிறேக்கை அமத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். போர்க்கின் இரண்டு நுனிகளுக்கும் நடுவில், சில்லின் அச்சு இருக்கும் அகலத்துக்கு வெட்டிய மரத்துண்டு வைப்பேன். பின்பக்கத்துக்கும் அப்படியே. பக்கத்திலிருந்து ஏதும் நெரித்தால் நுனிகள் உள்ளே மடங்காது.

பழைய சாறத்தையோ போர்வையையோ விரித்து, செயினும் கியரும் மேலே இருக்கும்படி பிறேமைப் படுக்க வைப்பேன். அதற்கு முன் அடியில் எதுவும் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பேன். சில்லுகளைத் துணியால் சுற்றி, அச்சு நுனி பிறேமில் முட்டாதபடி பக்கத்தில் வைப்பேன். மேலே பை, தண்ணீர்ப் போத்தல் எதுவும் வைப்பதில்லை. பிறேமுக்கு மேலால் கயிறு போடுவதும் இல்லை. சுற்றிவரத் தலையணை அடைத்தாலே அசையாது.

காருக்கு வெளியே தாங்கியில் ஏற்றுபவர்கள், சில்லுகளில் பிடிக்கும் தாங்கியைத் தெரிவு செய்யுங்கள். பாரைக் கவ்விப் பிடிப்பதும், பாரில் தொங்கவிடுவதும் காபனுக்கு ஆகாது. முன் சில்லைக் கழற்றிப் போர்க்கில் பூட்டும் கூரைத் தாங்கி என்றால், சைக்கிள் செய்த நிறுவனம் அதற்கு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஏற்றினால் சில்லு புகைக்குழாய்க்கு நேரே இருக்கக்கூடாது. வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில் ஒருமுறை நிறுத்தி, பட்டிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. பஸ் கூரையில் மற்றச் சாமான்களோடு போட்டு அனுப்பவே வேண்டாம்.

இறக்கியதும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மெல்லிய துணியால் துடைக்கும்போது நூல் எங்காவது சிக்கினால் அந்த இடத்தைக் கவனியுங்கள். நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போகும்போது, ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் அதுவும் சந்தேகம்தான். தட்டிப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகப் பழுது இல்லை என்று முடிவெடுக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டும்வரை யாரையும் ஏற விடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது, ஆணிக்குப் பக்கத்தில் 5 நியூட்டன் மீற்றர் என்பதுபோல ஓர் அளவு எழுதியிருந்தால் அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

வெடித்த காபனையும் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். எங்களுடையதும் திருத்தக் கொடுத்த இடத்தில்தான் இருக்கிறது. அதுவரை மருமகள் இரவல் வாங்கிய அலுமினியச் சைக்கிளில் பழகுகிறாள். அதையும் இப்போது நான் தலையணை வைத்துத்தான் ஏற்றுகிறேன்.