மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள்!



"டிரசர் ஐயா, நேத்துதான் வயித்த அறுத்துத் தச்சாங்க. இன்னிக்கே எந்திரிச்சு நாக்காலியில உக்காருன்னு சொல்றாங்க. பச்சப் புண்ணுக்காரர இப்படி வதைக்கலாமா?" என்று ஒரு தாய் நம் தோட்ட ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். அவர் கணவருக்குப் பெருங்குடலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அந்தத் தாய்மேல் குற்றமில்லை. வயிற்றில் கத்தி வைத்தால் நாள் கணக்கில் பட்டினியும் படுக்கையும் என்பதுதான் நம் பெரியவர்கள் கண்ட வழக்கம். அந்த வழக்கம் மாறிவிட்டது. 1990களில் டென்மார்க் நாட்டு அறுவை டாக்டர் ஹென்ரிக் கேலெட், ஆபரேஷன் ஆனவர் தேறுவதற்கு ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று ஆராய்ந்தார். வலி, குமட்டல், வேலை செய்யாமல் நின்றுபோகும் குடல், படுத்தே கிடப்பது ஆகியவற்றை முன்கூட்டியே தடுத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்று காட்டினார். இன்று பல நாடுகளில் இம்முறை நடப்பில் இருக்கிறது.

இதில் அறுவை டாக்டரோடு தோளோடு தோள் நின்று உழைப்பவர் மயக்க மருந்து டாக்டர். ஊசி போட்டுத் தூங்க வைப்பதோடு அவர் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்

அவர் நிறையக் கேள்வி கேட்பார். சிகரெட், குடி உண்டா? ஆடுகிற பல், கட்டுப்பல் உண்டா? நாட்டு மருந்து, ஜாமு சாப்பிடுகிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? எல்லாவற்றுக்கும் உண்மையே சொல்லுங்கள்.

மேலே சொன்ன தோழர், மனைவி பக்கத்தில் நின்றதால், "குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டார். தினமும் சம்சு போடுகிறவர் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று குடி நின்றால், ஆபரேஷன் ஆன இரண்டாம் மூன்றாம் நாளில் கைகால் நடுங்கி, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். "திரும்பப் போய்த் தனியாகச் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். டாக்டர் திட்டவில்லை. அதற்கேற்ற மருந்து கொடுத்து ஏற்பாடு செய்தார். இதை அந்தத் தோழரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே விட்டால் நெஞ்சுச்சளித் தொல்லையும் புண் ஆறாத தொல்லையும் குறையும். இரத்தச் சோகை இருந்தால் முன்னதாகவே கவனித்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் முக்கியம். பொதுவாகச் சோறு, பலகாரம், பால் எல்லாம் மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி என்றால் இன்னும் முன்பே. தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை குடிக்கலாம். பால் கலக்காத கோப்பி-ஓ தண்ணீரோடு சேரும். பால் கோப்பி சாப்பாட்டோடு சேரும். நீரிழிவுக்காரர், குடல் அடைப்பு உள்ளவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. எனவே டாக்டர் சொல்லும் நேரமே உங்கள் நேரம். பாசத்தால் யாரும் ஒளித்து ஊட்டாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கினால் ஆளே போய்விடலாம்.

ஆபரேஷன் நடக்கும்போது

இவர் தலைமாட்டை விட்டு அகல மாட்டார். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் பார்ப்பார். உடம்புச் சூடு 36 டிகிரிக்குக் கீழே இறங்காமல் காப்பார். நரம்பில் ஏற்றும் தண்ணீரையும் அளந்தே ஏற்றுவார். மிஞ்சினால் குடல் வீங்கும். குறைந்தால் சிறுநீரகம் கெடும். கண் விழித்ததும் குமட்டாமல் இருக்கவும் மருந்து கொடுத்துவிடுவார்.

ஆபரேஷனுக்குப் பின்

சிலருக்கு முதுகுத் தண்டின் அருகே மெல்லிய குழாய் வைத்து வலியை மரக்கச் செய்வார். வேறு சிலருக்கு வயிற்றுச் சுவரில் ஊசி போடுவார். மார்ஃபின் அதிகமானால் குடல் மந்தமாகும் என்பதால், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அதைக் குறைப்பார். வலி அடங்கினால்தான் ஆழ மூச்சு விடலாம், இருமிச் சளியைத் துப்பலாம், எழுந்து நடக்கலாம். நடந்தால் காலில் இரத்தம் உறைவது குறையும், குடலும் விழித்துக்கொள்ளும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது வீரமல்ல. வலித்தால் உடனே சொல்லுங்கள்.

"அம்மா, அது வதையில்லை, வைத்தியம்" என்று அந்தத் தாய்க்கு விளக்கி அனுப்பினேன். மறுநாள் அவரே கணவரின் கையைப் பிடித்து வார்டில் நடக்க வைத்தார். ஆறாம் நாள் இருவரும் வீடு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், வயிற்று உப்புசம், ஓயாத வாந்தி, புண்ணில் சீழ், கால் வீக்கம் இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். மயக்க டாக்டரும் வைத்தியர்தான், தோழர்களே!