உறையும் எழுத்தும்: காணொளிக் கோப்பு திறக்க மறுப்பது ஏன்?

கலியாண வீட்டில் எடுத்த காணொளி, பாடசாலை ஆண்டு விழாவின் பதிவு, இன்று உயிரோடில்லாத மூத்தோர் ஒருவரின் முகமும் குரலும் அடங்கிய சில நிமிடங்கள் ஆகியன இற்றை நாளில் வீடுதோறும் கணினியிற் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றை ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, தட்டிற் பதித்து உறவினருக்கு அனுப்ப விரும்புவோர் வடிவமாற்று மென்பொருளின் துணையை நாடுவர். கோப்பைத் தெரிந்து அதனுள்ளே கொணர்ந்ததும், திறக்க இயலவில்லை என்ற மறுமொழி வந்து நிற்கும். சில வேளை படம் வரும், ஒலி வராது. சில வேளை ஒலி கேட்கும், திரை கறுத்துக் கிடக்கும். கோப்புப் பழுதாகிவிட்டதென எண்ணி அதனை அழித்துவிடுவோரும் உளர். அஃது அவசரத் தீர்ப்பாகும். பல வேளைகளிற் கோப்பு நலமாகவே இருக்கும்; அதன் எழுத்தை வாசிக்க அந்த மென்பொருள் கற்கவில்லை என்பதே உண்மை.

எழுத்து என்று இங்கே கூறப்படுவது யாது? முழு உயர்தரப் படம் ஒன்றிலே குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு 3 பைற்று வீதம், செக்கனுக்கு 25 படங்களை அப்படியே எழுதிவைப்பதாயின், ஒரு செக்கனுக்கு 15 கோடியே 55 இலட்சம் பைற்று இடம் வேண்டும். 470 கோடி பைற்றுக் கொள்ளும் டி.வி.டி. தட்டு அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆகவே படங்களைச் சுருக்கி எழுதுதல் இன்றியமையாதது. முந்திய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்தல், கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை விடுத்தல் முதலிய முறைகளால் இச்சுருக்கம் செய்யப்படுகின்றது. சுருக்கி எழுதவும், எழுதியதை விரித்து வாசிக்கவும் வல்ல விதித்தொகுதியே கோடெக் எனப்படுவது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 அல்லது எச்.ஈ.வி.சி., 2018இல் வந்த ஏ.வி.1 என்பன அவற்றுட் சில. ஒலிக்கும் இவ்வாறே தனிக் கோடெக்குகள் உண்டு.

இனி, கோப்பின் பெயருக்குப் பின்னே நிற்கும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி., எம்.கே.வி. என்னும் குறிகள் யாவை? இவை கோடெக்கின் பெயர்கள் அல்ல, உறையின் பெயர்கள். கடிதம் ஒன்றை உறையிலிட்டு அனுப்புவது போல, படத்தையும் ஒலியையும் ஒருங்கே இட்டுவைக்கும் உறைகள் இவை. ஒரே வகை உறைக்குள் தமிழ்க் கடிதமும் இருக்கலாம், சிங்களக் கடிதமும் இருக்கலாம். அதுபோலவே, எம்.பி.4 என்று பெயர் தாங்கிய இரு கோப்புகளில் ஒன்று எச்.264 ஆகவும் மற்றையது எச்.265 ஆகவும் இருத்தல் கூடும். ஒன்றைத் திறந்த மென்பொருள் மற்றதைத் திறவாமைக்குக் காரணம் இதுவே.

ஒரு கோப்பு ஓரிடத்தில் ஓடி, வேறோரிடத்தில் ஓடாதிருப்பதன் மருமமும் இதனால் விளங்கும். வி.எல்.சி. என்னும் இயக்கி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டு வருவது. ஆதலின் அது பெரும்பாலான கோப்புகளைத் தயங்காது ஓட்டும். வேறு சில மென்பொருள்களோ கணினியின் இயங்குதளத்தில் உள்ள கோடெக்குகளையே நம்பி நிற்பன. 2017ஆம் ஆண்டில் ஐ.ஓ.எஸ். 11 வெளியானதிலிருந்து, ஐபோன் 7 முதலிய கைத்தொலைபேசிகள் காணொளியை எச்.265 முறையில் எடுக்கத் தொடங்கின. அத்தகைய கோப்பு, அம்முறையை அறியாத கணினிக்கு வந்ததும் மறுக்கப்படுகின்றது. பழைய கோப்புகளுக்கும் இந்த இடர் உண்டு. 1990களில் இன்டெல் நிறுவனத்தின் இண்டியோ கோடெக்கினால் எழுதப்பட்ட ஏ.வி.ஐ. கோப்புகள் பல. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக, 2009ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் பழைய இயங்குதளங்களின் ஊடக இயக்கியிலும் உலாவியிலும் அக்கோடெக்கைத் தடுத்தது. கோப்பு அப்படியே இருக்க, வாசிப்பவர் வாய் மூடிக்கொண்டார்.

இவ்விடரைக் கண்டவுடன் மக்கள் கையாளும் வழிகளுள் இரண்டு தவறானவை. முதலாவது, கோப்பின் பெயரை மாற்றுதல். எம்.கே.வி. என்பதை அழித்து எம்.பி.4 என்று எழுதுவது, உறையின் மேல் விலாசத்தை மாற்றுவதை ஒக்கும். உறையும் மாறாது, உள்ளிருக்கும் கடிதத்தின் மொழியும் மாறாது. இரண்டாவது, இணையத்தில் முன்பின் அறியாத இடமொன்றில் கோடெக் மூட்டைகளைப் பெற்று நிறுவுதல். இது தீங்கானது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்ட ஸ்லொப் என்னும் தீநிரல், காணொளியைப் பார்க்க வேண்டிய கோடெக் என்று வேடமிட்டே கணினிகளுட் புகுந்தது. அந்த வேடம் இன்றும் பழமையாகிவிடவில்லை.

செய்யத்தக்கது யாதெனின், முதலிற் கோப்பைப் பிரதி செய்துகொண்டு, மூலத்தை வேறோரிடத்திற் பத்திரப்படுத்தல். அடுத்து, உறைக்குள் இருப்பது எதுவென அறிதல். மீடியா இன்போ என்னும் இலவச மென்பொருள் உறையின் பெயர், படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பவற்றை வரிசையாகக் காட்டும். வி.எல்.சி. இயக்கியின் கருவிப் பட்டியலிலும் கோடெக் தகவல் என்ற பகுதி உண்டு. நோயை அறிந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

உள்ளே இருப்பது பழக்கமான எச்.264 ஆக இருந்து, உறை மட்டும் அந்நியமாயின், உறையை மாற்றினாற் போதும். எப்.எப்.எம்பெக் என்னும் இலவசக் கருவி, படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே நகலெடுத்து வேறு உறையில் இடவல்லது. திரைப் பதிவுக்குப் பயன்படும் ஓ.பி.எஸ். மென்பொருளிலும் எம்.கே.வி. பதிவுகளை எம்.பி.4 உறைக்கு மாற்றும் வசதி உண்டு. இம்முறையில் நேரமும் மிகக் குறைவு. படத்தின் தரமும் சிறிதும் குன்றாது.

கோடெக்கே அந்நியமாயின் வழிகள் இரண்டு. வடிவமாற்று மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுதல், அல்லது இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனத்திடமிருந்தே கோடெக்கைப் பெறுதல் ஒன்று. விண்டோஸ் கணினிக்கான எச்.ஈ.வி.சி. நீட்சி மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் கடையிலேயே கிடைக்கின்றது. மற்றையது, தன் கோடெக்குகளைத் தானே சுமந்துவரும் ஹாண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பை எச்.264 ஆக மாற்றி, பின் விரும்பிய மென்பொருளுக்குக் கொடுத்தல். இது கடிதத்தை வேறு மொழியிற் பெயர்த்து எழுதுவதை ஒக்கும். ஒவ்வொரு பெயர்ப்பிலும் சிறிது நயம் குன்றும்; ஆதலின் ஒருமுறைக்கு மேல் மாற்றாதிருத்தல் நன்று. ஹாண்ட்பிரேக்கில் 1080 வரிப் படத்துக்குத் தர எண் 20 முதல் 24 வரை வைத்தல் தகும். எண் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.

படம் இருந்து ஒலி இல்லையெனில், ஒலியின் கோடெக்கே அந்நியமாக இருக்கலாம். அதனை மட்டும் ஏ.ஏ.சி. ஆக மாற்றிப் படத்தை அப்படியே விட்டுவிடலாம். வாயசைவும் குரலும் வரவர விலகிச் செல்லுமாயின், கைத்தொலைபேசி செக்கனுக்குரிய படங்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி எடுத்திருப்பது காரணமாகலாம். மாற்றும்போது நிலையான படவேகத்தைத் தெரிதல் வேண்டும்.

கோடெக்கினால் நேராத இடரும் உண்டு. பதிவின் நடுவே மின்கலம் தீர்ந்து கருவி நின்றுவிட்டால், எம்.பி.4 கோப்பின் பொருளடக்கப் பகுதி எழுதப்படாமலே போகலாம். அதனை எந்தக் கோடெக்கும் திறவாது. எனினும் நம்பிக்கையிழத்தல் வேண்டா. அதே கருவியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொண்டு பழுதானதைச் சீர்செய்யும் அன்ரிரங் என்னும் கருவி உண்டு. அது பல வேளைகளில் கைகொடுக்கும்.

வருமுன் காத்தலும் இயலும். ஐபோனின் கமரா அமைப்பில், வடிவங்கள் என்ற பகுதியில், மிகவும் இணக்கமானது என்பதைத் தெரிந்தால் காணொளி எச்.264 ஆகவே பதியப்படும். கோப்புச் சற்றுப் பெரிதாகும். ஆயினும் கொடுத்த இடமெல்லாம் திறக்கும்.

மாற்றிய கோப்பைத் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஓட்டிப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்ளல் வேண்டும். அப்போதும் மூலத்தை அழித்தல் ஆகாது. இன்று வாசிக்க இயலாத எழுத்தை நாளை ஒரு மென்பொருள் வாசிக்கக்கூடும். எறியப்பட்ட கடிதத்தை எவரும் வாசிக்க முடியாது.