சீனத் துப்பாக்கிக்குள் ஓடும் பிஸ்டன்

இலங்கைச் செய்திகளில் ‘ரி-56’ என்ற பெயர் அடிக்கடி அடிபடும். அங்கே நடந்த போரில் இரு தரப்பின் கையிலும் இருந்த சீனத் துப்பாக்கி அது. சோவியத் ஏ.கே-47இன் வழியில் சீனா தயாரித்தது. சீனர்கள் ஆண்டை வைத்துப் பெயரிட்டதால் எஸ்.கே.எஸ் துப்பாக்கியின் சீன வடிவமும் 56தான், கூடவே வந்த இயந்திரத் துப்பாக்கியும் 56தான். இங்கே பேசுவது ஏ.கே. வழி வந்ததைப் பற்றி.

விசையை அழுத்தியதும் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிறது. குண்டை முன்னே தள்ளும் அந்த வாயுவில் ஒரு பங்கு, குழலின் மேல்பக்கத் துளை வழியே ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னால் உதைக்கும். பிஸ்டன் நகர்த்தும் கனமான பாகம், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைத் திருகிப் பூட்டைத் திறக்க, வெற்று உறை வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். பின்னால் வந்த சீனத் துப்பாக்கிகளான 81, 95, 191 எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

56இல் பிஸ்டனும் அந்தக் கனமான பாகமும் ஒரே துண்டு. முழுத் தூரமும் சேர்ந்தே ஓடும். அந்த வேகத்துக்கு முன்னால் மண்ணும் கரியும் தடையாக நிற்பதில்லை. முரட்டு உழைப்புக்குப் பேர் வாங்கியது அதனால்தான். ஆனால் அவ்வளவு எடை ஒவ்வொரு முறையும் பின்னால் போய் மோதுவதால், தொடர்ந்து சுடும்போது குழல் மேலே எகிறும், குறி தப்பும்.

நடுவில் வந்த 63 தரக்குறைவால் கைவிடப்பட்டது. அடுத்து 1981இல் வந்தது 81. இதில் பிஸ்டன் தனி. கேரம் ஸ்டிரைக்கர் காயைத் தட்டிவிட்டு நின்றுவிடுவதுபோல, கொஞ்ச தூரம் ஓடி ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். மீதித் தூரத்தை மற்ற பாகங்கள் கிடைத்த வேகத்திலேயே கடக்கும். ஓடும் எடை குறைந்தது, குறி மேம்பட்டது. கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும் வசதியும் சேர்ந்தது. 56 வைத்திருப்பவருக்கோ, விசையை அழுத்தி ‘டிக்’ என்ற வெறும் சத்தம் கேட்டால்தான் மகசின் காலி என்பதே தெரியும்.

1997 ஜூலையில் ஹாங்காங்குக்குள் நுழைந்த சீனப் படையின் கையில் உலகம் பார்த்தது 95ஐ. தோட்டா 5.8 மி.மீ. அளவுக்கு மாறியிருந்தது, மகசின் விசைக்குப் பின்னால் போயிருந்தது. 56இன் குழல் சுமார் 41 செ.மீ., மொத்த நீளம் சுமார் 87 செ.மீ. மகசின் பின்னால் போனதால், 95இன் குழல் 46 செ.மீ. இருந்தும் மொத்த நீளம் 75 செ.மீ.க்குள் அடக்கம். கவச வண்டிக்குள் முடங்கி உட்காரும் சிப்பாய்க்கு இது பெரிய வசதி.

தொல்லைகளும் அதே அமைப்பிலிருந்துதான் கிளம்பின. போல்ட் கன்னத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வெற்று உறை வலப்பக்கம் தெறிக்கிறது. இடது தோளில் வைத்துச் சுட்டால் முகத்தில்தான் அடிக்கும். சுடும் முறையை மாற்றும் நெம்புகோல் மகசினுக்கும் பின்னால் கிடந்தது. அதைத் தொடப் பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டும். 95-1 என்ற திருத்திய வடிவத்தில்தான் அது கட்டைவிரல் எட்டும் இடத்துக்கு வந்தது. தூக்கும் கைப்பிடியின் மேல் தொலைநோக்கி வைத்தால், குறி பார்க்கத் தலையை அநியாயத்துக்கு உயர்த்த வேண்டும். என் கணிப்பில், 95க்கு எதிரி அதன் இயக்கமல்ல. மனித உடம்போடு அது ஒத்துப்போகாததுதான்.

2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் வந்த 191இல் மகசின் மறுபடி விசைக்கு முன்னால். 5.8 மி.மீ. அளவும் குறைந்த தூரம் ஓடும் பிஸ்டனும் மாறவில்லை. நெம்புகோல் இரு பக்கமும் இருக்கிறது. மேல்பக்கம் நெடுகத் தண்டவாளம் போன்ற பட்டை ஓடுவதால் தொலைநோக்கி தாழ்வாக உட்காருகிறது. தோளில் பதியும் பின்கட்டையை, குண்டு துளைக்காத உடுப்பு போட்டவர் தன் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.