வென்டிலேட்டரில் எத்தனை மில்லி காற்று? எடை அல்ல, உயரம்தான் கணக்கு!

சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே இருக்கிறது கனகம்மாசத்திரம். இங்கே ஒருவருக்குக் கடும் மூச்சுத்திணறல் என்றால் 108-ஐ அழைப்போம். நிலைமை மோசமானால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். வென்டிலேட்டர் வைத்துவிட்டால், ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "மெஷின்ல காத்து நல்லா போவுதா சார்?"

நல்லா போவது என்றால் நிறைய போவது அல்ல. அளவு மீறினால் அதுவே ஆபத்து.

ஏன் ஆபத்து?

சாதாரணமாக, பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 500 மில்லி. நிமோனியா போன்றவை முற்றி 'ஏ.ஆர்.டி.எஸ்.' வந்தவருக்கு நுரையீரலின் பல பகுதிகள் நீர் கோத்து, சுருங்கிக் கிடக்கும். காற்று நுழையும் இடம் கொஞ்சம்தான். 1980-களில் சி.டி. ஸ்கேனில் இதைப் பார்த்த இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி குழுவினர், 'குழந்தை நுரையீரல்' என்று பெயர் வைத்தார்கள். அதில் பெரிய ஆளுக்கான காற்றை அடைத்தால், மிச்சமிருக்கும் நல்ல பகுதியும் புண்ணாகும்.

அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தனர். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம்.

எந்த கிலோ?

தராசு காட்டும் எடை அல்ல. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது. அது உயரத்தைப் பொறுத்தது. 150 செ.மீ. உயரம், 80 கிலோ எடையுள்ள அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உயரப்படி அவருடைய கணக்கு எடை 43 கிலோதான். தர வேண்டியது சுமார் 260 மில்லி. 80 கிலோ என்று கணக்கு போட்டால் 480 மில்லி ஆகிவிடும்!

எப்படி அளக்கிறார்கள்?

குழாயில் உள்ள சென்சார், காற்று ஓடும் வேகத்தை நேரத்தோடு பெருக்கி ஒவ்வொரு மூச்சின் அளவையும் காட்டும். உள்ளே போனதைவிட வெளியே வந்தது குறைவாக இருந்தால், எங்கோ கசிவு இருக்கலாம்.

மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் காற்று மிச்சமிருக்கும். அதை எப்படி அளப்பது? வாய் குறுகிய குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. தெரிந்த அளவு உப்பைப் போட்டுக் கலக்கி, எவ்வளவு கரிக்கிறது என்று பார்த்தால் தண்ணீரின் அளவு தெரிந்துவிடும். 1800 வாக்கில் ஹம்ப்ரி டேவி, ஹைட்ரஜனைச் சுவாசித்துத் தன் நுரையீரலை இப்படித்தான் அளந்தார். இன்று சில வென்டிலேட்டர்கள், ஆக்சிஜன் அளவைச் சற்று மாற்றி, நைட்ரஜன் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தே கணக்கு சொல்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

நோயாளியின் உயரம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். படுக்கையிலேயே டேப் வைத்து அளந்துவிடலாம்.